டிரெய்லர் இழுக்க டிரக் வாங்கப் போகிறீர்களா? முதலில் கதவைத் திறந்து பாருங்கள்

"அண்ணா, இந்த டிரக் 11,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான், நாங்க பாத்த டிரெய்லர் 7,600 தான், தாராளமா போதும்ல?"

அமெரிக்காவில் கேம்ப்பர் டிரெய்லர் (டிரக்கின் பின்னால் கட்டி இழுத்துப் போகும், உள்ளேயே தங்கித் தூங்கும் வண்டி) ஆசை வந்த நண்பர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நானும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டுத்தான் முதல் டிரக்கை வாங்கினேன். விற்றவர் இழுவை எண்ணைக் காட்டினார், நான் டிரெய்லர் எண்ணைக் காட்டினேன், 3,400 பவுண்டு மிச்சம் இருக்கிறதே என்று இருவரும் தலையாட்டினோம், கையெழுத்துப் போட்டாகிவிட்டது. முதல் நீண்ட பயணத்துக்கு முன்னால் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் டிரக் தன் வரம்பைத் தாண்டி 255 பவுண்டு கூடுதலாகச் சுமக்கிறது என்று தெரிந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் இருந்த எண்களைக் கீழே அப்படியே தருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எண்களைப் பார்க்காமல் புரிவது கஷ்டம்.

அடிப்படை இதுதான்: டிரெய்லரை இழுப்பது ஒரு வேலை, டிரெய்லரின் முன்பாகத்தைச் சுமப்பது இன்னொரு வேலை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுக்கும் எண். குடும்பத்தோடு போகும் டிரக்கில் முதலில் தீர்ந்துபோவது சுமக்கும் எண். அதைத்தான் பேலோட் என்கிறார்கள். டிரக்கின் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு வந்து மூடும் தூணில், மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் காற்றழுத்தம் போட்டிருக்கும் அதே ஸ்டிக்கர்தான். ஆட்களும் சரக்குமாகச் சேர்ந்து இவ்வளவு பவுண்டைத் தாண்டவே கூடாது என்று அதில் ஒரு வரி இருக்கும். அந்த எண் அந்த மாடலுக்கு உரியது என்பதைவிட, அந்த ஒரே ஒரு வண்டிக்கு உரியது என்று சொல்வதுதான் சரி. பக்கத்தில் நிற்கும் அதே பெயர் கொண்ட, அதே வருஷத்து டிரக்கில் எண் வேறாக இருக்கும். ஒரே வரிசையில் நின்ற இரண்டு டிரக்குகளில் ஒன்றில் 1,390, மற்றதில் 1,910 என்று நானே பார்த்திருக்கிறேன். குறைவாக இருந்தது விலை கூடிய வண்டி. கண்ணாடிக் கூரை, சூடாகும் சீட்டு, மோட்டாரில் இறங்கும் படிக்கட்டு, பெரிய சக்கரம் எல்லாம் எடைதானே, அத்தனையும் பேலோடிலிருந்துதான் கழியும். டிரக்கின் பின்னால் சரக்கு ஏற்றும் திறந்த தொட்டியைப் படுக்கை என்பார்கள்; வாங்கிய பிறகு நீங்கள் மாட்டும் படுக்கை மூடி, படுக்கைக்குள் விரிக்கும் பெட் லைனர், கருவிப் பெட்டியும் அதே கணக்கில்தான் சேரும். பெட்ரோல் மட்டும் சேராது, நிறைந்த டேங்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அந்த எண்ணையே போட்டிருக்கிறார்கள். ஓட்டுநராகிய உங்கள் எடை சேரும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டிரெய்லர் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்

டிரக்கை முதலில் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, பிறகு அதற்கு ஏற்ற டிரெய்லரைத் தேடுவதுதான் வழக்கமாக நடப்பது. அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். எந்த டிரெய்லர், எத்தனை பேர் தூங்க வேண்டும், இரண்டு மூன்று வருஷத்தில் இன்னும் பெரியதுக்கு மாறுவீர்களா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு அப்புறம் டிரக் பார்க்கப் போங்கள். டிரெய்லரின் பிரசுரத்தில் ட்ரை வெயிட் என்று ஓர் எடை இருக்கும். அதைக் கண்ணால்கூடப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீர் இல்லாமல், பாத்திரம் பண்டம் இல்லாமல், பெரும்பாலும் பேட்டரிகூட இல்லாமல், தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது இருந்த எடை அது. அந்த எடையில் ஒரு நாளும் நீங்கள் அதை இழுக்கப்போவதில்லை. பார்க்க வேண்டியது ஜி.வி.டபிள்யூ.ஆர். என்னும் உச்ச எடை, அதாவது எல்லாம் ஏற்றிய பிறகு அந்த டிரெய்லர் தாங்கக்கூடிய மொத்தம். டிரெய்லரின் இடது பக்க வெளிச்சுவரில் முன்பக்கமாக ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். நம் குடும்பங்கள் பொருள் ஏற்றும் விதத்துக்கு (குக்கர், அரிசி மூட்டை, நான்கு பேருக்குப் போர்வை, மழை வந்தால் மாற்ற இன்னொரு செட்) அந்த உச்ச எடைக்கு அருகில் போய்விடுவது ரொம்பச் சுலபம். தண்ணீர் ஒரு காலனுக்கு 8.3 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். 50 காலன் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 400 பவுண்டுக்கு மேல் அதிலேயே போயிற்று.

அந்த உச்ச எடையில் ஒரு பங்கு டிரக்கின் பின்புறக் கொக்கியில் வந்து உட்காரும். இதுதான் டங் வெயிட். சாதாரண டிராவல் டிரெய்லரில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். "கொஞ்சம் குறைச்சுக்கிட்டா டிரக்குக்கு நல்லதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். பாரத்தைப் பின்னால் தள்ளி முன்பாகத்தை இலேசாக்கினால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், அந்த ஆட்டம் ஒருமுறை வளர ஆரம்பித்தால் டிரக்கையும் சேர்த்துச் சுழற்றிவிடும். கணக்குக்கு நான் 13 சதவீதம் வைத்துக்கொள்வேன். பிரசுரத்தில் போட்டிருக்கும் டங் வெயிட்டையும் நம்ப வேண்டாம். என்னுடைய டிரெய்லருக்கு 680 என்று போட்டிருந்தது, எடை மேடையில் 960 வந்தது. காரணம் எளிது. முன்னால் முக்கோணச் சட்டத்தில் உட்காரும் இரண்டு புரோபேன் உருளைகள் நிறைந்திருந்தால் ஒவ்வொன்றும் சுமார் 37 பவுண்டு, அதற்குப் பக்கத்தில் பேட்டரி, அதற்குப் பின்னால் வெளியிலிருந்து திறக்கும் பெட்டியறை, அதில்தான் நாம் மடக்கு நாற்காலி, ஜெனரேட்டர், குழாய், கட்டை எல்லாவற்றையும் திணிக்கிறோம். எல்லாமே கொக்கிக்கு அருகில்.

இப்போது கணக்கு. என் முதல் டிரக்கின் ஸ்டிக்கரில் 1,395 பவுண்டு. அதிலிருந்து நாங்கள் நான்கு பேர் 540. எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் (டிரெய்லரை டிரக்கோடு மாட்டும் இணைப்பு; கொக்கியில் விழும் பாரத்தில் ஒரு பங்கை இரண்டு கம்பிகளால் டிரக்கின் முன் சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளுவது) 90. டிரக்கில் ஏற்றிய சைக்கிள், ஐஸ் பெட்டி, கருவிகள் 160. மொத்தம் 790 போக மிச்சம் 605. அந்த 605 பவுண்டுக்குள்தான் டங் வெயிட் அடங்க வேண்டும். 605 என்பது 13 சதவீதமாக இருக்கும் டிரெய்லரின் எடை எவ்வளவு? 605-ஐ 0.13 ஆல் வகுத்தால் சுமார் 4,650 பவுண்டு. 11,000 இழுக்கும் என்று விற்கப்பட்ட டிரக், என் குடும்பம் ஏறி உட்கார்ந்த பிறகு, வரம்புக்குள் நின்று இழுக்கக்கூடியது 4,650. டிரக் பார்க்கப் போகும்போது கைபேசியில் இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்டிக்கர் எண்ணில் ஆட்கள், ஹிட்ச், டிரக்கில் ஏற்றும் சாமான் எல்லாம் கழித்து, மிச்சத்தை 0.13 ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைகள் வளர்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று 60 பவுண்டு இருக்கும் பையன் இந்த டிரக் கைமாறுவதற்குள் 140 ஆகியிருப்பான்.

அப்படியானால் அந்த 11,000 பொய்யா என்றால், இல்லை. ஜே2807 என்று ஒரு சோதனைத் தரம் இருக்கிறது, முன்பெல்லாம் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் சொல்லிக்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த வந்தது அது. டொயோட்டா 2011 மாடல் டண்ட்ராவிலேயே அதை ஏற்றுக்கொண்டது, மற்றவர்கள் சில வருஷம் கழித்து வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் 11.4 மைல் நீளும் ஒரு ஏற்றத்தில், 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரம் கொண்ட டிரக் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான சோதனைதான், நான் மதிக்கிறேன். ஆனால் அதில் டிரக்குக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வது தலா 150 பவுண்டு எடையுள்ள இரண்டே பேர். டங் வெயிட் 10 சதவீதம். பின்சீட்டில் பிள்ளைகள் கிடையாது, படுக்கையில் சைக்கிள் கிடையாது. போதாக்குறைக்கு விளம்பரத்தில் வரும் மிகப்பெரிய எண் அந்த மாடலிலேயே குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட ஆக்சில் (சக்கர அச்சு), இழுவைத் தொகுப்பு (டிரெய்லர் இழுக்கவென்று சேர்த்து விற்கும் சாதனங்கள்) எல்லாம் கூடிவந்த ஒரு வண்டிக்கு உரியது. நீங்கள் பார்க்கும் வண்டி அதுவாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

எந்த அளவு டிரக்?

இங்கே பேச்சு வழக்கில் ஹாஃப் டன், முக்கால் டன், ஒரு டன் என்பார்கள். பழைய காலத்துப் பெயர்கள், இன்றைய உண்மையான சுமைக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. ஃபோர்டு எஃப்-150, சில்வராடோ 1500, ரேம் 1500, டண்ட்ரா எல்லாம் ஹாஃப் டன். 250 அல்லது 2500 என்றால் முக்கால் டன், 350 அல்லது 3500 என்றால் ஒரு டன். டகோமா, ரேஞ்சர் மாதிரி நடுத்தர டிரக்குகள் நல்ல வண்டிகள், ஆனால் கனமான கேம்ப்பருக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன்.

நான்கு பேர் குடும்பம், உச்ச எடை 6,500 அல்லது 7,000 வரை உள்ள டிரெய்லர் என்றால், பேலோட் 1,800-க்கு மேல் உள்ள ஹாஃப் டன் கிடைத்தால் எடுக்கலாம். அப்படிப்பட்டவை உண்டு, தேட வேண்டும். அலங்காரம் குறைந்த ரகத்தில், இழுவைத் தொகுப்போடு வருபவற்றில் பாருங்கள். எஃப்-150-ல் கனச் சுமைத் தொகுப்பு என்று தனியாகவே விற்றார்கள், அது உள்ள வண்டியின் ஸ்டிக்கரைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 7,500-ஐத் தாண்டும் டிரெய்லர் என்றால் முக்கால் டன்னுக்குப் போய்விடுங்கள் என்பேன். பேலோட் கணக்கில் ஹாஃப் டன் எப்படியோ தப்பிவிட்டாலும், 30 அடிப் பெட்டி ஒன்று பக்கக் காற்றில் தள்ளும்போது, அல்லது பெரிய லாரி ஒன்று உங்களைக் கடந்து போகும்போது வரும் அந்த இழுப்பில், கனமான டிரக்கும் தடித்த ஸ்ப்ரிங்கும் விறைப்பான டயரும் கொடுக்கும் நிதானம் வேறு. அதை ஸ்டீயரிங்கைப் பிடித்த கையிலேயே உணரலாம். ஒரு நாள் முழுக்க ஓட்டி இறங்கும்போது தோள்பட்டை சொல்லும்.

முக்கால் டன்னில் ஒரு கண்ணி இருக்கிறது, இதைத் தெரியாமல் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இந்த டிரக்குகளில் பலவற்றின் மொத்த எடை வரம்பை 10,000 பவுண்டு என்று நிறுத்தியிருப்பார்கள், அதற்கு மேல் போனால் வண்டி வேறு வகுப்புக்குப் போய்விடும் என்பதால். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிட நூற்றுக்கணக்கான பவுண்டு கூடுதல் கனம். நான்கு கதவு, நான்கு சக்கர ஓட்டம், உயர்ந்த ரகம், டீசல் என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கினால் அந்தப் பிரம்மாண்டமான வண்டியின் ஸ்டிக்கரில் 2,000 சொச்சம்தான் நிற்கும், நல்ல ஹாஃப் டன்னுக்குப் பக்கத்தில். அதே டிரக்கைப் பெட்ரோல் எஞ்சினோடு எடுத்தால் 3,000-ஐத் தொடுவதும் உண்டு. அதே டீசலை 350-ஆக எடுத்தால், வெளியே பார்க்க அச்சு அசலாக ஒன்று போலவே இருந்தாலும், வரம்பு 11,000-க்கு மேல் போய்விடும். விலை வித்தியாசமும் அப்படியொன்றும் பெரிதாக இருக்காது. டீசல்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்கள் 250-ஐயும் 350-ஐயும் அருகருகே வைத்து ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மாநிலத்தில் பதிவுக் கட்டணம் எப்படி மாறுகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபிஃப்த் வீல் என்ற வகை டிரெய்லர் என்றால் கணக்கே வேறு. அது பின்புறக் கொக்கியில் மாட்டுவதில்லை, டிரக் படுக்கையின் நடுவில், பின் ஆக்சிலுக்கு மேலே உட்காரும். ஓட்ட அருமையாக இருக்கும், வால் ஆட்டம் வெகு குறைவு. ஆனால் எடையில் 20 சதவீதத்துக்கு மேலேயே டிரக்கின் மேல் வந்து விழும். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் 2,400, படுக்கையில் பொருத்தும் ஹிட்ச் இன்னும் 150 அல்லது 200, குடும்பம், சாமான் சேர்த்தால் 3,200 தாண்டிவிடும். ஒரு டன் டிரக் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். 14,000, 15,000 என்று போனால் பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டூயலிதான். அதோடு குட்டைப் படுக்கை உள்ள டிரக்கில் கூர்மையாகத் திருப்பினால் டிரெய்லரின் முன்மூலை டிரக்கின் பின்கண்ணாடியில் மோதும், அதற்கென்று நகரும் ஹிட்ச் தனியாக விற்கிறார்கள். 8 அடிப் படுக்கையாக இருந்தால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

எஞ்சினைப் பற்றி எல்லோரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை, இன்றைக்கு வரும் டிரக் எஞ்சின்கள் எல்லாமே நம் தேவைக்கு வலு உள்ளவைதான். இரண்டு விஷயம் மட்டும். டர்போ இல்லாத எஞ்சின் உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும், ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் வலு குறையும். கொலராடோவில் ஐ-70 நெடுஞ்சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல்மட்டத்திலிருந்து சுமார் 11,000 அடி. அங்கே போய்ச் சேரும்போது மூன்றில் ஒரு பங்கு வலு காணாமல் போயிருக்கும். மலைப் பக்கம் அடிக்கடி போகிறவர் என்றால் ஃபோர்டின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் மாதிரி டர்போ எஞ்சினோ டீசலோ பாருங்கள். இரண்டாவது, ஆக்சில் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண். 3.31, 3.55, 3.73, 4.10 என்று இருக்கும், எண் கூடக் கூட இழுவைக்கு நல்லது, வெறும் வண்டியாக ஓட்டும்போது எரிபொருள் கொஞ்சம் கூடச் செலவாகும். ஒரே எஞ்சின் உள்ள இரண்டு வண்டிகளின் இழுவை எண்ணில் ஆயிரக்கணக்கான பவுண்டு வித்தியாசம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஏற்றத்தில் வலு இல்லாவிட்டால் வலது ஓரத் தடத்தில் 40-ல் போவீர்கள், அவ்வளவுதான். அந்த ஐசன்ஹோவர் சுரங்கத்திலிருந்து இறங்கும் 6, 7 சதவீதச் சரிவில் பின்னால் 7,000 பவுண்டு தள்ளிக்கொண்டு வரும்போது பிரேக்கை மட்டும் நம்பினால், கொஞ்ச தூரத்திலேயே எரிந்த ரப்பரும் சூடான இரும்பும் கலந்த ஒரு நாற்றம் ஜன்னல் மூடியிருந்தாலும் உள்ளே வரும், பெடல் முன்பு நின்ற இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்லக் கீழே போகும். அதை ஒருமுறை அனுபவித்தேன், பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கியரை இறக்கி, ஓரத்தில் இருந்த விரிந்த இடத்தில் நிறுத்தி, முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன். ஆகவே டிரக்கில் டோ ஹால் மோட் (பாரம் இழுக்கும்போது போட்டுக்கொள்ளும் ஓட்ட முறை) இருக்கிறதா, அது இறக்கத்தில் தானாகவே கியரைக் குறைக்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். டீசலுக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் அதன் எக்ஸாஸ்ட் பிரேக்குக்குத்தான். பொத்தானை அழுத்திவிட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நீண்ட சரிவில் பிரேக் பெடலைத் தொடாமலேயே இறங்கலாம். அதேசமயம் வருஷத்துக்கு நான்கு பயணம் போய்விட்டு மற்ற நாளெல்லாம் கடைக்கும் பள்ளிக்கும் இரண்டு மைல் ஓட்டுபவருக்கு டீசல் வேண்டாம். புகை வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

கேட்டு வாங்க வேண்டியவை

தொழிற்சாலையிலேயே இழுவைத் தொகுப்பு போட்ட டிரக்கை வாங்குங்கள். பின்னால் ஹிட்ச் செருகும் ஒரு சதுரக் குழாய் இருப்பதாலேயே அந்தத் தொகுப்பு இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய ரேடியேட்டர், கியர்பெட்டி எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான், ஏழு முள் மின் இணைப்பு எல்லாம் சேர்ந்து வருவதுதான் தொகுப்பு. பின்னாளில் கடையில் ஹிட்ச் மட்டும் மாட்டிக்கொண்டால் கொக்கி வரும், இழுவைத் திறன் கூடாது. அந்தச் சதுரக் குழாயிலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், குனிந்து படியுங்கள். எடைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் 500 பவுண்டு டங் வெயிட், அது இருந்தால் 1,200 என்பது போல இரண்டு வரிகள் இருக்கலாம். கனமான டிரெய்லர் என்றால் அந்த ஹிட்ச் இல்லாமல் சாலைக்கே போக வேண்டாம்.

டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்தே இயக்கும் டிரெய்லர் பிரேக் கண்ட்ரோலர் டேஷ்போர்டிலேயே பதிந்து வந்திருந்தால் நல்லது. பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதைதான். அதில் கையால் நகர்த்தும் ஒரு சிறு நெம்பு இருக்கும், டிரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கும். வால் ஆட்டம் தொடங்கினால் டிரக்கின் பிரேக்கை அழுத்தாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, இந்த நெம்பை நகர்த்தினால் பின்னால் இருந்து யாரோ பிடித்து இழுத்தது போல டிரெய்லர் நேராகும். ஓட்டிப் பார்க்கும்போதே அது எங்கே இருக்கிறது, பாதையைப் பார்த்தபடியே கை அங்கே போகிறதா என்று பாருங்கள். டிரெய்லர் டிரக்கைவிட அகலம் என்பதால் இழுத்து நீட்டும் பக்கக் கண்ணாடிகளும் வேண்டும்.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம் கூடினால் டிரெய்லர் டிரக்கை ஆட்டுவது குறையும். நான்கு கதவு எஃப்-150-ல் 5.5 அடிப் படுக்கை என்றால் 145 அங்குலம், 6.5 அடிப் படுக்கை என்றால் 157. வண்டி நிறுத்தச் சிரமம்தான், ஆனால் நீண்டதை எடுங்கள். பெரிய டேங்க் கிடைத்தால் அதையும். கனமான, உயரமான டிரெய்லரை இழுக்கும்போது காலனுக்கு 9 மைல் கிடைத்தாலே சரி என்று நினைக்க வேண்டும். எஃப்-150-ல் 23 காலன் டேங்கும் உண்டு, 36 காலனும் உண்டு. முதலாவதில் 200 மைலுக்கே காலி, அதற்கு வெகு முன்பே பங்க் தேட ஆரம்பிப்பீர்கள், அதுவும் 50 அடி வண்டியோடு நுழைந்து வெளியே வரத்தக்க பங்க். மின்சார டிரக்குகளில் இழுவைத் திறன் இருக்கிறது, ஆனால் இப்படியொரு பெட்டியைக் கட்டினால் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், வழியில் சார்ஜ் செய்ய டிரெய்லரைக் கழற்ற வேண்டியும் வரும். நீண்ட பயணக் குடும்பங்களுக்கு இப்போதைக்கு நான் சொல்வதில்லை.

டயர். ஹாஃப் டன் டிரக்குகள் பலவும் கார் வகை டயரோடு வருகின்றன, பக்கச்சுவர் மெத்தென்று இருக்கும், டிரெய்லரைக் கட்டினால் அந்த மென்மையே ஆட்டமாக மாறும். எல்.டி. (லைட் டிரக்) வகை, அதிலும் 80 பி.எஸ்.ஐ. வரை காற்று தாங்கும் ஈ தர டயர் போட்டுக்கொண்டால் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் டயரை மாற்றினாலும், பின்னால் காற்று ஸ்ப்ரிங் மாட்டினாலும் பேலோட் கூடாது. "ரெண்டு ஸ்ப்ரிங் போட்டா சரியாயிடும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். பின்பக்கம் தொங்குவது நிமிரும், உண்மைதான். ஆக்சில், சட்டம், பிரேக், சக்கரம் எல்லாம் அதே பழைய வரம்பில்தான் இருக்கும்.

பழைய டிரக் வாங்குகிறீர்கள் என்றால் ஸ்டிக்கர் பார்த்ததும் கீழே குனிந்து கொக்கிக் குழாயின் உட்பக்கத்தைப் பாருங்கள். பள்ளம் விழுந்து, முள் நுழையும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த டிரக் வாழ்நாளெல்லாம் பாரம் இழுத்திருக்கிறது. படுக்கையின் நடுவில் துளையோ ஒட்டுத் தகடோ தெரிந்தால் ஃபிஃப்த் வீல் இழுத்தது. இழுத்தது தவறில்லை, அதற்குத்தான் டிரக், ஆனால் அப்போது கியர்பெட்டி எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்க்க வழியிருந்தால் பாருங்கள், கருகிய வாடை வந்தால் வேறு வண்டிக்குப் போங்கள். உப்புத் தூவும் பனி மாநிலங்களிலிருந்து வந்த டிரக்கில் பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உரிமத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேல் உச்ச எடை உள்ள டிராவல் டிரெய்லரை இழுக்க, வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வேண்டும், டிரெய்லர் இழுக்கும்போது வேக வரம்பும் 55 மைல்தான். மாநிலத்துக்கு மாநிலம் இது மாறுகிறது.

வாங்கியாயிற்று, இனி எடை

பயணம் போகும் நாள் போலவே எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) என்னும் எடை மேடைக்குப் போங்கள். மேடை மூன்று துண்டாக இருக்கும். டிரக்கின் முன் சக்கரம் ஒன்றில், பின் சக்கரம் இரண்டாவதில், டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதில் நிற்க வேண்டும். முதலில் எடைப் பகிர்வுக் கம்பிகள் மாட்டியபடி ஒரு எடை. பிறகு கம்பிகளை விடுவித்து ஒரு எடை. கடைசியாக டிரெய்லரை வாகன நிறுத்தத்தில் கழற்றி வைத்துவிட்டு டிரக் மட்டும். அடுத்தடுத்த எடைகளுக்குக் கட்டணம் குறைவு. மொத்தம் ஒரு மணி நேர வேலை.

என் சீட்டில் இருந்தது இது. டிரக் மட்டும்: முன்னால் 3,420, பின்னால் 2,975. டிரெய்லரை மாட்டி, கம்பி இல்லாமல்: முன்னால் 2,990, பின்னால் 4,365. டங் வெயிட் 960 தானே, பின் ஆக்சில் ஏன் 1,390 கூடிற்று என்று அன்றைக்கு நான் அந்த மேடைக்குப் பக்கத்திலேயே நின்று யோசித்தேன். பூங்காவில் சீசா பலகையில் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்புகிறது இல்லையா, அதுதான். கொக்கி பின் ஆக்சிலுக்கு ஐந்தடிக்கு மேல் பின்னால் தொங்குகிறது, அங்கே அழுத்தும் எடை முன் சக்கரத்தைத் தூக்கி, அந்த 430 பவுண்டையும் பின்னால் கொண்டுவந்து சேர்க்கிறது. முன் சக்கரம் இலேசானால் ஸ்டீயரிங் பிடிப்பு குறையும், மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். கம்பிகளை மாட்டிய பிறகு: முன்னால் 3,175, பின்னால் 4,080, டிரெய்லர் சக்கரங்களில் 6,560. டிரக்கின் மொத்தம் 7,255, வரம்பு 7,000. டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 13,815, இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று டிரக்குக்குப் போட்டிருக்கும் கூட்டு வரம்புக்கு வெகு கீழே. இழுப்பதில் ஒரு குறையும் இல்லை, சுமப்பதில் 255 அதிகம்.

அந்தப் பயணத்துக்கு சைக்கிளையும் ஐஸ் பெட்டியையும் டிரக்கிலிருந்து இறக்கி டிரெய்லரின் சக்கரங்களுக்கு மேலே வைத்தோம், தண்ணீர் டேங்கைக் காலி செய்தோம், மெதுவாகப் போய் வந்தோம். அடுத்த வருஷம் டிரக்கை மாற்றி, பெட்ரோல் எஞ்சின் உள்ள முக்கால் டன் எடுத்தேன், ஸ்டிக்கரில் 3,040. அதே டிரெய்லர், அதே ஆட்கள்.

உங்கள் சீட்டில் டிரக்கின் மொத்தமும், பின் ஆக்சிலும், டிரெய்லரின் மொத்தமும் அதனதன் வரம்புக்குள் இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது முன் ஆக்சில். டிரெய்லரை மாட்டியதில் இழந்த எடையில் எவ்வளவு பங்கு கம்பிகளை மாட்டியதும் திரும்ப வேண்டும் என்று டிரக்கின் கையேட்டில் இருக்கும், பாதியாவது திரும்பவில்லை என்றால் நான் கிளம்ப மாட்டேன். என்னுடையதில் 430 போய் 185 தான் திரும்பியிருந்தது. ஹிட்ச் தலையின் சாய்வைக் கூட்டும் வளையங்களில் ஒன்றைச் சேர்த்து, அல்லது சங்கிலியில் ஒரு கண்ணி குறைத்து மாட்டி, மறுபடி மேடையில் ஏற்றுங்கள். சரியாக வந்ததும் முன் சக்கர வளைவின் விளிம்புக்கும் தரைக்கும் இடையே டேப் வைத்து அளந்து, அந்த அங்குலத்தை ஹிட்ச் பெட்டியின் மூடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அடுத்த முறை மாட்டும்போது மேடை தேவைப்படாது, டேப் போதும்.